பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டீர்களா?

குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் வெளிநாடு போகும்போது நாம் கொடுக்கும் சரிபார்ப்புப் பட்டியலை என் வேலையை எடுத்துக்கொள்ள வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் நேற்று காட்டினேன். பாஸ்போர்ட் காலாவதி, விசாவில் மறுபடி உள்ளே வர அனுமதி, பயணத் தகவல் கடிதம், அங்கே எடுக்கும் தொலைபேசி எண் என்று ஒழுங்காகப் போகும் பட்டியல், 'பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டீர்களா?' என்று முடிகிறது. நீங்கள் சிரித்தீர்கள். "எதுக்குக்கா, கோழிக்குத் தீனி போடச் சொல்லவா?" என்று ஒருவர் கேட்டார். உள்ளே இருந்த நம் முதலாளி அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அந்த வரி எப்படி வந்தது என்பது அவருக்குத் தெரியும்.

இந்த வாரத்தோடு நான் இந்த மேசையை விட்டுப் போகிறேன். ஓய்வு பெறும் வயதில்லை. படித்த எலெக்ட்ரானிக்ஸுக்குப் பொருத்தமாக ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. போகும்போது செய்ய வேண்டியவை என்று எழுதி வைத்ததில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். எந்தப் படிவத்தை எங்கே பதிவேற்றுவது, கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கணினியில் இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் கணினி விளக்காது. அதனால் இதை எழுதுகிறேன்.

தென்காசியில் நம்முடையது போன்ற ஆவண உதவி மையத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கிருந்து போகிறவர்கள். இந்த நாட்டில் தங்குவதற்காகக் குடியுரிமை கேட்டு வருகிறவர் எப்போதாவது ஒருவர். கலா அக்கா அப்படி வந்தவர். மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர். அங்கே ஓர் உணவகத்தில் சமையல்காரராக இருந்த, நம் பக்கத்து ஊரான ஆய்க்குடிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்துவிட்டார். கணவருக்கு இப்போது கொல்லத்தில் ஒரு ஹோட்டலில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவார், மறுநாள் போய்விடுவார். பிள்ளைகள் இல்லை. மற்ற நாட்களில் ஆய்க்குடி வீட்டில் கலா அக்கா தனியாகத்தான் இருந்தார்.

வருடாவருடம் அவருக்கு விசா நீட்டிக்க வேண்டும். இன்னும் ஒரு வருடம் என் வீட்டில் நான் இருக்கலாமா என்று ஒவ்வொரு வருடமும் எழுதிக் கேட்பதுதான் அது. சலித்துப்போய்க் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தபோது ஒருநாள் வந்து, "நடுவுல ஒரு தடவ அங்க போய்ட்டு வரலாமா?" என்று கேட்டார். போகக்கூடாது என்று இல்லை, போவதையும் வருவதையும் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும் என்றேன். தேதிகளைக் கேட்டேன். காரணத்தைக் கேட்கவில்லை. கடிதத்தில் 'தனிப்பட்ட காரணம்' என்று எழுதிக் கொடுத்தோம். அவர் போனார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

சாரல் தொடங்கிய நேரம். ஒரு காலையில் என் போனுக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் பேச்சியக்கா. கலா அக்காவின் பக்கத்து வீடு, ஹெட் கான்ஸ்டபிள் ஒருவரின் மனைவி. ஏதாவது என்றால் இந்தப் பெண்ணிடம் கேளுங்கள் என்று என் எண்ணை அவரிடம் கலா அக்கா கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"ஏட்டி, நீதான கலாவுக்கு எழுதிக் குடுக்குத புள்ள?"

"ஆமாக்கா."

"ரெண்டு ஆம்பளைங்க வந்தாக. கலா வீட்டுல இருக்காளான்னு கேட்டாக. நான் விடுவேனா?"

"என்னக்கா சொன்னீங்க?"

"ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருக்கா, சீசன் கூட்டம், வர நேரமாகும்னேன். நம்பாத மாதிரி பாத்தாக. நேத்துகூட எங்க வீட்டுலதான் சொதி சாப்பிட்டா, கழுவாத பாத்திரம் கெடக்கு, காட்டட்டுமான்னேன். எம் பேரு, போன் நம்பரு எல்லாத்தையும் எழுதிக்கிட்டு, அவுக நம்பரயும் குடுத்துட்டுப் போயிட்டாக."

"யாருன்னு சொன்னாங்களா?"

"போலீஸ் விசாரணைன்னாக. யூனிபாரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. களவாணிப் பயலுவ இப்பல்லாம் இப்படித்தான வாரானுவ? போலீஸ்காரன் பொண்டாட்டி எனக்கா தெரியாது?"

அவர் குரலில் பெருமை இருந்தது. அதைக் கெடுக்க மனமில்லாமல், நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆய்க்குடிக்குப் பஸ் ஏறினேன்.

கலா அக்காவின் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. படியில் ஒரு ஜோடி செருப்பு. பக்கவாட்டுக் கொடியில் அவருடைய நீலச் சேலை சாரலில் நனைந்து தொங்கியது. நான் ஒரு கணம் அவர் திரும்பி வந்துவிட்டாரோ என்றே நினைத்தேன். பேச்சியக்கா தினமும் காலையில் தன் வாசலுக்குக் கோலம் போட்டுவிட்டு இந்த வாசலுக்கும் போட்டிருக்கிறார். சாயங்காலம் உள்ளே போய் விளக்கைப் போட்டிருக்கிறார். நாலைந்து நாளுக்கு ஒருமுறை சேலையை மாற்றித் தொங்கவிட்டிருக்கிறார். ஆளில்லாத வீடு என்று வெளியே தெரியக்கூடாது. இந்தப் பக்கத்தில் யார் ஊருக்குப் போனாலும் அக்கம்பக்கம் செய்கிற உதவி இது. யாராவது விசாரித்தால், இப்போதுதான் கடைக்குப் போனாள் என்றுதான் சொல்வார்கள். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை.

வந்தவர்கள் குடியுரிமை விண்ணப்பத்துக்காக விசாரிக்கும் போலீஸ்காரர்களாகத்தான் இருக்கும் என்று மெதுவாக விளக்கினேன். கலா அக்கா வெளிநாட்டில் இருக்கிறார் என்று நாங்களே எழுதிக் கொடுத்த கடிதம் ஒரு மேசையில் இருக்கிறது. அவர் இங்கேயே இருக்கிறார், நேற்றுச் சாப்பிட்டார் என்று பேச்சியக்கா சொன்னது இன்னொருவரின் குறிப்பில் இருக்கிறது. இரண்டும் ஒருநாள் ஒரே கோப்புக்குள் வந்து சேரும்.

"சேந்தா என்ன?"

"ஊர்ல இல்லாததை மறைக்க கலாக்காவே உங்களைப் பேசி வச்சிட்டுப் போன மாதிரி தெரியும். வாசல் கோலம், சேலை எல்லாம் சேர்த்து. குடியுரிமை கிடைக்காமப் போகலாம். விசாவுக்கே சிக்கல் வரலாம்."

பேச்சியக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் அவளுக்கு நல்லதுக்குத்தானட்டி செஞ்சேன்" என்றார். பிறகு, இன்னும் தணிந்த குரலில், "எங்க வீட்டுக்காரருக்கு எஸ்.ஐ. பிரமோசன் வர்ற நேரம். பொண்டாட்டி போலீஸ்ட்டயே பொய் சொன்னான்னு வந்தா?" என்றார்.

அலுவலகத்துக்குத் திரும்பி அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"கலாவ அடுத்த பிளைட்டப் புடிச்சு வரச் சொல்லு. மறுபடி வந்து பாக்கும்போது ஆளு வீட்டுல இருக்கணும்."

"முந்தி வந்தப்போ எங்க இருந்தீங்கன்னு கேட்டா, அண்ணாச்சி?"

"ஐந்தருவிலன்னு சொல்லட்டும்." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தலையைச் சொறிந்தார். "சரி, அது வேண்டாம். அங்கன சித்தப்பாவுக்கு ஆபரேசன்னு ஒண்ணு எழுதிக் குடுப்போம். ஒரு வலுவான காரணம் இருந்தா மத்ததெல்லாம் பின்னால போயிரும். ஆமா, அவ எதுக்குத்தான் போயிருக்கா? காரணம் இல்லாம எவளாவது பிளைட்டுல ஏறுவாளா?"

கலா அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே போனதும் அவர் பேச்சு மாறியிருந்தது. ஆய்க்குடியில் 'வாரேன், இருக்கேன்' என்று பேசுகிறவர், இப்போது மலேசியாக்காரர்கள் போல அடிக்கடி 'லா' சேர்த்துக்கொண்டார். அது அவருக்கே தெரிந்திருக்காது. நடந்ததைச் சொன்னேன். யாரைப் பார்க்கப் போனீர்கள் என்று கேட்டேன்.

"யாரையும் இல்ல லா. அம்மா அப்பா போய்ட்டாங்க. அண்ணன் ஆஸ்திரேலியால. நாங்க இருந்த வீடு இப்ப கார் நிறுத்துற இடம். லாட்ஜ்லதான் தங்கியிருக்கேன்."

"அப்புறம்?"

அவர் வண்டிச் சத்தத்திலிருந்து ஒதுங்கி நின்று பேசினார்.

"ஏர்போர்ட்ல ரெண்டு வரிசை இருக்கும் லா. நாட்டுக்காரங்களுக்கு ஒண்ணு, வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒண்ணு. அங்க குடியுரிமை குடுத்தா இந்த பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துடணும். அடுத்த தடவை இங்க வந்தா அந்த மத்த வரிசையிலதான் நிக்கணும். அதுக்கு முன்னால ஒரு தடவை நம்ம வரிசையில நின்னு உள்ள வரணும்னு தோணிச்சு. அவ்வளவுதான். சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

"சிரிக்கலக்கா."

"இப்ப என்ன செய்ய? வந்துடட்டுமா? டிக்கெட்டை மாத்திக்கிறேன்."

சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்தேன்.

அப்போது நான் குற்றாலத்தில் ஒரு விடுதியின் பின்பக்க அறையில் மாத வாடகைக்கு இருந்தேன். மற்ற மாதங்களில் அந்த மாடியில் நான் மட்டும்தான். சீசன் வந்தால் நிற்க இடமிருக்காது. அன்றும் வராந்தா முழுக்க ஈரத்துண்டுகள், எண்ணெய் வாசனை, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூவும் குடும்பங்கள். என் கதவைத் தட்டியவர்கள் எல்லாம் அறை மாறித் தட்டியவர்கள். "சாரிம்மா" என்று சிரித்துவிட்டு அடுத்த கதவுக்குப் போனார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து, வழக்கம்போல வழிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன்.

உடனே வரவழைப்பது. பேச்சியக்கா வேறு யாரையோ நினைத்துச் சொல்லிவிட்டார் என்று சமாளிப்பது. ஒரு நோயாளியை உண்டாக்குவது. நாமே போய் நடந்ததைச் சொல்வது.

முதல் மூன்றிலும் ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று தேவைப்பட்டது. கடைசி வழியிலோ பேச்சியக்காவை ஆபத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. கலா அக்காவின் உண்மையான காரணமோ, கேட்பவருக்குப் பொய்யைவிடப் பலவீனமாகத் தெரியும்.

உடனே வரச் சொல்வதா என்ற கேள்வியில்தான் அதிக நேரம் நின்றேன். கடிதத்தில் கொடுத்த தேதிக்கு முன்னால் பதறி ஓடி வந்தால், விசாரணை வந்ததைக் கேள்விப்பட்டுத்தான் வந்தார் என்று ஆகும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் பயணத்தைப் பாதியில் வெட்ட எனக்கு மனம் வரவில்லை. இரக்கப்பட்டு முடிவெடுக்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. அதனால் கலா அக்கா இருந்த இடத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு வாடிக்கையாளரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே விடை வந்தது. நெருக்கடியில் இப்படி ஒருமுறை செய்து பாருங்கள். விடை மாறினால் முடிவை ஒத்திப்போடுங்கள்.

"சொன்ன தேதிக்கே வாங்கக்கா" என்றேன்.

"கோப்பு போய்ட்டா?"

"போகலாம். போகாதுன்னு என்னால சொல்ல முடியாது."

"சரி லா" என்றார். பிறகு இருவரும் வைத்துவிட்டோம்.

மறுநாள் பேச்சியக்காவிடம் போனேன். அவருக்காக நான் பேச முடியாது, அவர்தான் அதிகாரியிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதை எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். தேவைப்படவில்லை.

"எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிட்டேம்ட்டி."

"என்ன சொன்னாரு?"

"சோத்தத் தள்ளி வச்சிட்டு எந்திச்சுப் போனாரு. அப்புறம் வந்து, 'உள்ளதச் சொல்லிரு. நான் பக்கத்துல நிக்க மாட்டேன், நின்னா மெரட்டுத மாதிரி இருக்கும்'னாரு. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. டீ குடுத்தா குடிக்காரு, ஆனா பேச மாட்டேங்காரு."

பேச்சியக்கா வாங்கி வைத்திருந்த எண்ணில் அந்த அதிகாரியை அழைத்தேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர், குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சியக்கா நின்றுகொண்டே சொன்னார். ஒரு விஷயத்தைக்கூட விடவில்லை. அதற்கு முந்தின நாள் சொதிகூட வைக்கவில்லையாம்.

"ஏம்மா பொய் சொன்னீங்க?"

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியுமா சார்? ரெண்டு பேரு வந்து வீட்டுல ஆளு இல்லையான்னு கேட்டா, இல்ல, அவ வர நாளாகும், சாவி எங்கிட்டதான் இருக்குன்னு சொல்லுததுக்கு நான் என்ன கிறுக்கியா?"

"போலீஸ்னு சொன்னேனே."

"களவாணி மட்டும் களவாணின்னா சார் சொல்லிட்டு வருவான்?"

அவரோடு வந்த இளைஞர் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்தார். அதிகாரி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, கலா அக்கா எதற்காகப் போயிருக்கிறார் என்று கேட்டார். வரிசையைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு மெலிதாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

"இத எப்படிம்மா ரிப்போர்ட்ல எழுத?"

"தெரியல சார். ஆனா அதுதான் காரணம்."

"அவங்க வந்ததும் எனக்குச் சொல்லுங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார்.

சொன்ன தேதியில் கலா அக்கா வந்தார். அதிகாரி மறுபடி வந்தபோது நானும் இருந்தேன். தேதி, முகவரி, பழைய கேள்விகள் எல்லாம் முடிந்தபிறகு அவர் குறிப்பேட்டை மூடினார். நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதற்குப் பிறகு வந்தது.

"அந்த வரிசையில நிக்கணும்னே அவ்வளவு தூரம் போனவங்க, இங்கன எதுக்குக் குடியுரிமை கேக்குதீங்க?"

நான் சொல்லிக்கொடுத்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. கணவர், வீடு, இத்தனை வருட வாழ்க்கை என்று ஒழுங்கான பதில். கலா அக்கா அதை எடுக்கவில்லை.

"அங்க தினமும் நடந்தேன் சார். படிச்ச ஸ்கூல் வரைக்கும், மார்க்கெட் வரைக்கும். எங்க போறேன்னு ஒருத்தரும் கேக்கல. இங்கன தெருமுக்கு தாண்டுததுக்குள்ள நாலு பேரு கேட்டுருவாக. கடுப்பாத்தான் இருக்கும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார்."

அதிகாரி என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியவராது. இந்த வேலையில் நாம் கதவுவரைதான் போகிறோம். பேச்சியக்காவின் வீட்டுக்காரருக்குப் பிரமோஷன் தள்ளிப்போய், பிறகு கிடைத்தது. இதனால் தள்ளிப்போனதா, வழக்கமான தாமதமா என்று யாரும் சொல்லவில்லை. பேச்சியக்காவும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. விசாரணைக்கு ஆள் வரலாம், வந்தால் உள்ளதையே சொல்லுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் பட்டியலில் அந்தக் கடைசி வரியைச் சேர்த்தேன்.

மாதங்கள் கழித்து, விண்ணப்பம் ஏற்கப்பட்டது, பழைய குடியுரிமையைத் துறந்ததற்குச் சான்று தரவும் என்று தகவல் வந்தது. கலா அக்கா சென்னைக்குப் போய் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். இந்தக் கட்டத்தை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். பழையது போய்விட்டது, புதியது இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில் பயணம் என்ற பேச்சே கிடையாது. போக வேண்டிய இடம் ஒன்று மனதில் இருந்தால் அதற்கு முன்னாலேயே போய்விட்டு வந்துவிட வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். அந்த இடைவெளியில்தான், பல வருடங்கள் கழித்து, கலா அக்காவின் அண்ணன் ஆஸ்திரேலியாவிலிருந்து பழைய ஊருக்கு வந்திருக்கிறார். நீயும் வா என்று கூப்பிட்டிருக்கிறார். "வர முடியாதுன்னேன். கோவிச்சுக்கிட்டான்" என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு மேசையிலிருந்த ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். டீ வரவழைத்தேன். நீங்கள் இருந்தாலும் அதற்குமேல் செய்ய முடியாது.

பிறகு சான்றிதழ் வந்தது. வந்து வாங்கிக்கொண்டு, அண்ணாச்சிக்கும் எனக்கும் ஒரு பெட்டி அல்வா கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் நம் அலுவலகத்துக்கு வரவில்லை. வேலை முடிந்தவர்கள் வருவதில்லை. ஆரம்பத்தில் இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. தங்கள் கல்யாணம், சண்டை, சாவு எல்லாவற்றையும் நம் முன்னால் கொட்டியவர்கள், தெருவில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

போன சீசனில் ஒருநாள் தென்காசி பஸ் நிலையத்தில், ஆய்க்குடி பஸ்ஸில் ஏறினேன். நெருக்கமான கூட்டம். முன்னால் ஒரு குரல் உயர்ந்தது.

"ஏலே, துண்ட எடு. துண்டுக்கா டிக்கெட் எடுத்திருக்க?"

"ஆள் வருதுங்க அக்கா" என்றான் ஓர் இளைஞன்.

"வந்தா நிக்கட்டும். எந்த ஊருலே நீ?"

அவன் ஏதோ ஊர் சொன்னான்.

"வெளியூரா? அதான பாத்தேன்" என்று துண்டை எடுத்து அவன் மடியில் போட்டுவிட்டு, பையோடு உட்கார்ந்தார் கலா அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்து சீட்டில் இருந்த பெண் அவரிடம், எங்கே போய்விட்டு வருகிறாய், பையில் என்ன என்று கேட்க ஆரம்பித்தார். கலா அக்கா சலித்துக்கொண்டே பதில் சொன்னார்.

கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார், நகர்ந்து இடமும் கொடுத்திருப்பார். ஆனால் என் முகத்தைப் பார்த்தால் அவருக்கு அந்தக் காத்திருப்பெல்லாம் ஞாபகம் வரும். நான் கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றேன்.